அரப்பு வைத்த கூறை

சந்தன நிறப் பட்டில் நாலு விரல் பதிந்திருந்தது. யாருடைய விரல் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "இது யாரு பண்ணுன வேலை?" என்று கேட்டுக்கொண்டு நின்ற முத்தாத்தாளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறவளுக்குப் பதில் சொல்ல யாருக்கு வாய் வரும்? எல்லோரும் சேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முந்தின நாள்தான் கல்யாணத்துக்குக் கச்சாயம் சுட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கல் கூட்டி, சொந்தக் களத்துக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய் ஊற்றி, முத்தாத்தாளே அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். வெல்லப்பாகும் அரிசிமாவும் கலந்த அந்த மாவை வேறு யார் ஊற்றினாலும் அவளுக்குத் திருப்தி கிடையாது. பாதிச் சட்டியில் பொள்ளாச்சிச் சொந்தக்காரப் பெண்கள், ஒறம்பரைக்காரிகள், வந்து இறங்கி, கூறைச்சேலையைக் கண்ணில் காட்டச் சொன்னார்கள். முத்தாத்தாள் எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஐம்பத்தெட்டு வயதுவரை எண்ணெய்க்கையை அவள் வேறெதிலும் துடைத்ததில்லை. உள்ளே போய்ச் சேலையை விரித்து, கரையைத் தடவிக் காட்டி, ஜரிகையின் பெருமை சொல்லி, மடித்துப் பெட்டியில் வைத்தாள். திரும்பி வந்து அடுத்த கச்சாயத்தை ஊற்றினாள்.

மறுநாள் காலையில் சேலைக்கு மடிப்பு வைத்துத் தருகிற பெண் அயர்ன் பாக்ஸோடு வந்தாள். இப்போதெல்லாம் மணப்பெண்ணின் சேலைக்கு முன்கூட்டியே மடிப்பெடுத்து வைத்துவிடுகிறார்கள். முந்தானையை விரித்ததும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். இதன்மேல் சூடு வைத்தால் எண்ணெய் பட்டுக்குள் இறங்கிவிடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது, முதலில் கறையை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கிளம்பிப் போய்விட்டாள். கல்யாணம் நாளை மறுநாள்.

டவுனில் சலவைக்குக் கொடுக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுக்க முடியாது. முத்தாத்தாளின் புருஷன் பாலுசாமியின் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. குலதெய்வத்தின் படத்துக்கு முன்னால் வைத்து மஞ்சள் தடவிய கூறை, அதற்குமேல் மண்டபத்துக்குப் போகத்தான் வாசல்படி தாண்டலாம். சோப்புத் தண்ணீரும் படக்கூடாது. முத்தாத்தாள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கட்டுப்பாட்டை ஒரு இழை விடாமல் காப்பாற்றி வருகிறாள். எண்ணெய்க்கையோடு தொடக்கூடாது என்று மட்டும் அந்தக் கட்டுப்பாட்டில் இல்லை போலிருக்கிறது.

கிணத்துக்கடவில் தண்டவாளத்துக்கு மேற்கே பாலுசாமியின் கொப்பரைக் களத்தைக் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். களத்தை ஒட்டியே வீடு, அதற்கு அடுத்தது எங்கள் வீடு. கதவுக் கொண்டியில் எண்ணெய், தலையணை உறையில் எண்ணெய், ரேஷன் கார்டில்கூட எண்ணெய். பாலுசாமி சாதுவான மனிதர். விடிந்தால் களம், பொழுது சாய்ந்தால் கட்டில். வீட்டில் பேச்சென்றால் அது முத்தாத்தாள் பேச்சுத்தான். பிள்ளைகள் இருவர். மூத்தவள் பிரவீனா, இளையவன் கிருபாசங்கர். இப்போது கல்யாணம் கிருபாசங்கருக்கு.

பிரவீனாவுக்கு முறை மாப்பிள்ளை இருந்தான். முத்தாத்தாளின் அண்ணன் சுப்பண்ணன் மகன். ஊரே முடிந்துபோன கல்யாணமாக நினைத்திருந்தபோது, பிரவீனா மாட்டேன் என்றாள். சரவணம்பட்டி கம்பெனியில் கூட வேலை பார்த்த நாமக்கல் பையனைத்தான் கட்டுவேன் என்று நின்று, கட்டியும் கொண்டாள். பையன் சொந்த சாதிதான், நல்ல குணம்தான். ஆனால் சுப்பண்ணன் அன்றைக்குத் தங்கை வீட்டு வாசலிலேயே நின்று, இனி இந்தப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். முத்தாத்தாளுக்குப் பிறந்த வீடு அன்றோடு அறுந்தது. பண்டிகை நோம்பிக்குச் சேலை வராது, சாவுக்குச் சொல்லி வராது. மகள் தன் சந்தோஷத்துக்கு அம்மாவின் அண்ணனைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்பது முத்தாத்தாளின் கணக்கு. அதில் பொய்யும் இல்லை. ஏழெட்டு வருஷம் மகளோடு பேசவில்லை.

அந்த வருஷங்களில் பிரவீனாவின் இடத்தில் வந்து நின்றவள் லோகப்பிரியா, பாலுசாமியின் தம்பி மகள். பொங்கலுக்குக் கோலம் போட்டது, முத்தாத்தாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருந்தது எல்லாம் அவள். கிருபாசங்கர் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அவள்தான் நிற்பாள் என்று சொல்லிச் சொல்லியே அவளை நம்ப வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்பது கூடப் பிறந்தவளின் உரிமை. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறையைக் கொசுவி, ஒரு முனையை மாப்பிள்ளை கையிலும் மறு முனையை அவன் அக்காளோ தங்கையோ கையிலும் கொடுத்து, சடங்கு நடத்தும் அருமைக்காரர் சீர் செய்வார். ஊர் பார்க்க, இவள் இந்த வீட்டுப் பெண்தான் என்று சொல்கிற இடம் அது. கூடப் பிறந்தவள் இல்லாத வீட்டில்தான் பங்காளி மகளைக் கூப்பிடுவார்கள். இருக்கும்போது வேறொருத்தி நின்றால், அந்தப் பெண்ணை வீடு தலைமுழுகிவிட்டது என்று பொருள்.

அக்கா நிற்காவிட்டால் மணவறை ஏற மாட்டேன் என்று கிருபாசங்கர் சாதித்தான். முத்தாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். அதனால்தான் பிரவீனா வந்தாள். வந்தவளை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. "வாங்கக்கா, நல்லாருக்கீங்களாக்கா, மாமா வரலீங்களாக்கா" என்று லோகப்பிரியா வரிக்கு வரி மரியாதை வைத்தாள். எங்கள் ஊரில் ஒருத்திக்கு எரிச்சல் எவ்வளவு என்று அவள் வைக்கும் மரியாதையை வைத்தே சொல்லிவிடலாம். சுப்பண்ணனோ, மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் என்ற முறைக்கு வருகிறேன் என்று ஆள்விட்டுச் சொல்லி, கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். அந்தப் பெண் சீரில் நின்றால் தான் மண்டபத்தில் உட்காரப் போவதில்லையாம்.

அப்படி எல்லோரும் எல்லோரையும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வீட்டில்தான் சேலையில் நாலு விரல் விழுந்தது.

"நான் எடுத்துத் தர்றேன்" என்றாள் பிரவீனா.

யார் விரல் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும். அவளுக்கு அந்தச் சேலையின் ஒரு முனை வேண்டும், அவ்வளவுதான்.

நடு அறையில் பாயைப் போட்டாள். அப்பாவின் பழைய வேட்டியைத் துவைத்த வாசத்தோடு எடுத்து நாலாக மடித்துக் கறைக்கு அடியில் வைத்தாள். முகத்துக்குப் போடும் பவுடரைக் கறை தெரியாத அளவு கொட்டினாள். தேய்க்கவில்லை. தேய்த்தால் எண்ணெய் பரவும். மேலே வெள்ளைத்தாள் ஒன்றைப் போட்டு, அதன்மேல் கனமான ஒரு ரசப்பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். பவுடர் எண்ணெயைக் குடிக்கும், பொறுமையாக இருக்க வேண்டும் என்றாள். அவள் வீட்டுக்காரரின் சட்டையில் பரோட்டாக் கடை எண்ணெய் பட்டு இந்த வித்தையைக் கற்றிருந்தாள்.

லோகப்பிரியா நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு பார்த்தாள். பவுடர் வாசம் சேலையில் நின்றுவிடாதா என்று கேட்டாள். நிற்காது என்றாள் பிரவீனா. ஜரிகை கறுக்காதா என்றாள். கறுக்காது. இவ்வளவு தெரிந்தவர் நேற்றே பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்றாள். பிரவீனா பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்தாள்.

மத்தியானத்துக்குள் முதல் பவுடரைத் தட்டினாள். மஞ்சளாகத் திரிதிரியாக வந்தது. நாலு விரலில் இரண்டு போயேவிட்டன. மீதி இரண்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னொரு முறை பவுடர் போட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தாள். அவள் முகத்தில் வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு தெளிச்சல் வந்தது. சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து மேற்கே இருட்டியது. வைகாசிக் கடைசி, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வர ஆரம்பித்துவிட்டால் எந்த நேரம் சாரல் அடிக்கும் என்று சொல்ல முடியாது. களம் நிறைய உடைத்த தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சாரல் பட்டால் கொப்பரை கறுத்துப் பூசணம் பிடிக்கும். மில்லுக்காரன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டுவிடுவான். களத்து ஆட்கள் கூச்சலிட்டார்கள். பாலுசாமி தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். லோகப்பிரியா ஓடினாள். பிரவீனா பாத்திரத்தின்மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முத்தாத்தாள் முன்கட்டு ஆசாரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஊட்டுச் சோறு நனையுது. அங்க பவுடர் போட்டுட்டு உக்காந்திருக்கறா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பிரவீனா எழுந்து ஓடினாள். கொப்பரையைக் கூட்டிக் குவித்தாள், தார்ப்பாயின் முனையைக் காலால் மிதித்துக் கல் தூக்கி வைத்தாள். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய முதுகு, இருந்தாலும் பிறந்த களம் மறக்குமா? மடமடவென்று வேலை செய்தாள். காற்றில் தலைமுடி வாயில் வந்து விழுந்தது. பாலுசாமி மகளைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். அந்த வீட்டில் அவரால் அதுதான் முடியும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது, பாத்திரம் நிமிர்ந்திருந்தது. பவுடர் தட்டப்பட்டிருந்தது. முத்தாத்தாள் பாயில் உட்கார்ந்து கிண்ணத்தில் கஞ்சித்தண்ணீர் விட்டு அரப்புப் பொடியைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

எண்ணெய்க்கு அரப்பு. எங்கள் பக்கத்தில் இதைக் கேள்வி கேட்க ஆளில்லை. சனிக்கிழமை எண்ணெய் வைத்த தலையை அரப்புத்தான் எடுக்கும். கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தலைக்கு வைப்பதும் அரப்புத்தான். கொப்பரைக் களத்துப் பெண்கள் சேலையில் எண்ணெய் பட்டாலும் அதைத்தான் வைத்துத் தேய்ப்பார்கள், போய்விடும். ஆனால் அந்தச் சேலைகள் எல்லாம் மாந்துளிரும் கத்திரிப்பூவும் கரும்பச்சையும். கூறைகூட அந்தக் காலத்தில் அரக்கில்தான் எடுத்தார்கள். இந்தக் கல்யாணப் பெண்தான் போட்டோவில் நன்றாக விழும் என்று சந்தனத்தில் எடுத்தாள். அரப்பு இலையைக் காயவைத்து இடித்த பொடி என்பதும், இலை பச்சை என்பதும் முத்தாத்தாளுக்குத் தெரியாததல்ல. வெளுத்த பட்டில் அரப்பு வைக்க அவளுக்கு இதுவரை வேளை வரவில்லை, அவ்வளவுதான்.

"அம்மா, அது வேண்டாம்மா. பச்சை புடிச்சுக்கும். பாரு, பாதிக்கு மேல போயிருச்சு. இன்னும் ஒருக்கா பவுடர் போட்டா முடிஞ்சுது."

"மூஞ்சிக்குப் போடற பவுடர எண்ணெய்க்குப் போடற. சரவணம்பட்டில போயி இதத்தான் படிச்சியா?"

"சொன்னாக் கேளும்மா. இது பட்டு. தண்ணியே ஆகாது."

"சோப்புத்தான் ஆகாது. அரப்பு கும்புட்டு எடுக்கறது. மாப்பிள்ளை தலைக்கு வெக்கறத கூறைக்கு வெச்சா என்ன கெட்டுப்போகுது?" முத்தாத்தாள் கிண்ணத்தை மகள் பக்கம் நகர்த்தினாள். "இந்த ஊட்டுப் பொண்ணாட்ட நடந்துக்கோணும்னுதான வந்துருக்கற? இந்த ஊட்ல எண்ணெய எதுல எடுப்பாங்கன்னு மறந்துபோச்சா? மறந்துபோச்சுன்னா சொல்லிப்போடு. லோகு இருக்கறா, அவ வெப்பா."

நிலைப்படியில் லோகப்பிரியா ஈரக்கையோடு நின்றாள்.

பிரவீனாவுக்கு அது கெட்டுப்போகும் என்று நிச்சயமாகத் தெரியும். தெரிந்துதான் கிண்ணத்தை எடுத்தாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக வாசலில் நிற்க வைக்கப்பட்டவளிடம், உள்ளே வர இதுதான் வழி என்று காட்டினால், கிணறு என்று தெரிந்தும் கால் வைக்கத்தான் செய்வாள். இரண்டு விரலால் அரப்பை எடுத்துப் பட்டில் வைத்தாள்.

"நல்லாத் தேயி" என்றாள் முத்தாத்தாள்.

தேய்த்தாள்.

காய்ந்ததும் எண்ணெய் போயிருந்தது. அதில் அரப்பைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சாணிப்பச்சை நின்றது. ஈரத்துணியால் ஒற்றினார்கள். பச்சை வளையம் வளையமாக வெளியே நகர்ந்தது. பட்டு சுருங்கி நெளிந்தது. முந்தானைக்கு நட்டநடுவில், எங்கே மடித்தாலும் மறைக்க முடியாத இடம்.

முத்தாத்தாள் வேண்டுமென்று செய்யவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். துணியை நனைத்து நனைத்து அவளே ஒற்றிப் பார்த்தாள். ஆனால் துணியைக் கீழே வைத்தபோது வேறொரு கதவு திறந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அரை நாழிகை போகவில்லை, ஆசாரத்தில் நின்றுகொண்டு வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெரியவ தொட்டா. அவ கைதான் தேச்சது. நானும் எல்லாத்தையும் மறந்து போகட்டும்னுதாங்க இருந்தேன். அவ கை பட்டா இந்த ஊட்ல ஒண்ணும் வெளங்காதுங்க. கூறைல கறை ஆக்குனவள எப்படிங்க கூறையப் புடிக்கச் சொல்றது?"

ஆமாங்க என்றார்கள் ஒறம்பரைக்காரிகள். எண்ணெய்க்கை கரையைத் தடவுவதை நேரில் பார்த்த அதே பொள்ளாச்சிக்காரிகள்தான்.

பிரவீனா தம்பியைத் தேடிப் போனாள். கிருபாசங்கர் களத்து ஓரம் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயம் அவனுக்குப் போயிருந்தது. அதே கடையில் அதே நிறத்தில் வேறு சேலை எடுத்து வர அவன் கிளம்பிக்கொண்டிருந்தான். பெண் வீட்டாரிடம், முதல் சேலையில் நூல் இழுத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாமாம்.

"நீ என்ன சொல்றே?" என்றாள்.

அவன் கண்ணாடியையே துடைத்தான். "மாமாவும் வந்துதானக்கா ஆகோணும். தாய்மாமன் இல்லாம எப்படி. அம்மா ஏற்கனவே ப்ரஷர் மாத்திரை போட்டுட்டிருக்குது. கல்யாணம் நல்லபடியா முடியட்டும். நீ கோவிச்சுக்கமாட்டேன்னு தெரியும்."

மணவறை ஏற மாட்டேன் என்றவன்தான் இவன்.

சாயங்காலம் முத்தாத்தாள் பச்சை பிடித்த சேலையைச் சுருட்டிக்கொண்டு வந்து பிரவீனாவின் பையின்மேல் போட்டாள். "இது இந்த ஊட்ல கெடக்கக் கூடாது. எடுத்துட்டுப் போயிரு."

அவ்வளவுதான். அன்றைக்கே போயிருப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். லோகப்பிரியா, பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிடட்டுங்களாக்கா என்றுகூடக் கேட்டாள். பிரவீனா போகவில்லை. ராகியும் கீரையும் போட்டதைச் சாப்பிட்டாள். சேலையை உதறி விரித்துக் கொடியில் போட்டாள். அப்பாவின் வேட்டியை மடித்து அலமாரியில் வைத்தாள்.

முகூர்த்தத்தன்று பொள்ளாச்சி ரோட்டு மண்டபத்தில் அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

மடிப்பில் மறைத்துக்கொள்ளவில்லை. முந்தானையை ஒற்றையாக விட்டு, பச்சைக்கறை முன்னால் தெரியும்படி கையில் எடுத்துப் பிடித்திருந்தாள். அதற்கேற்ற நகை, தலை நிறையப் பூ. நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் சுப்பண்ணன், கஞ்சி போட்ட வேட்டியும் தோளில் துண்டுமாக. "வாங்க மாமா" என்றாள். அவர் சேலையைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

அருமைக்காரர் இணைச்சீருக்கு அழைத்தார். லோகப்பிரியா போய் நின்றாள். புதுக்கூறையின் ஒரு முனையைக் கிருபாசங்கர் பிடித்தான், மறு முனையை அவள் பிடித்தாள். அதே சந்தன நிறம், கரை மட்டும் கொஞ்சம் அகலம். மாப்பிள்ளை சீர் முடிகிறவரை தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்ந்தால் எதிரே முதல் வரிசையில் முதல் கூறை உட்கார்ந்திருந்தது.

வரவேற்பில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மணப்பெண்ணின் அம்மா, சீர் முடிந்ததும் மெதுவாக அருகில் வந்தாள். கடையில் உட்கார்ந்து அந்தச் சேலையை மகளோடு சேர்ந்து பொறுக்கியவள் அவள்தான். கரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"ஏனுங் அம்மிணி, இது நம்ம எடுத்த கூறைங்களே? நூல் இழுத்துருச்சுன்னாங்க. இதென்னங்க பச்சையா?"

முத்தாத்தாள் இரண்டடி தள்ளி யாரோ ஒருவருக்கு வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. சுப்பண்ணனும் தலையைத் திருப்பினார்.

பிரவீனா முந்தானையை விரித்து மடியில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. "நூல் இல்லீங்க. எங்கம்மா எண்ணெய்க்கையோட சேலையப் புடிச்சுப்போட்டாங்க. அத எடுக்கறதுக்கு எங்கம்மாவே அரப்பு கொழைச்சுக் கொடுத்தாங்க. நான் தேச்சனுங்க. எங்கூட்ல எண்ணெய அரப்புலதானுங்க எடுப்போம்."

அப்படிங்களா என்றாள் பெண்ணின் அம்மா. முத்தாத்தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மணவறைப் பக்கம் போனாள். இனி அந்தச் சம்பந்தம் இருக்கிறவரை அந்தப் பார்வையும் இருக்கும்.

முத்தாத்தாள் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தாள். மகளுக்கு முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள், அழுவாள், கையைப் பிடித்து வெளியே தள்ளுவாள் என்றெல்லாம் சுற்றி இருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் குவித்தாள். காலையிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிட்டாளே, அதே கும்பிடு.

"வந்ததுக்குச் சந்தோசமுங்க" என்றாள். "சாப்புட்டுட்டுத்தான் போகோணுமுங்க."

பெற்ற மகளை அவள் அப்படிக் கும்பிட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாலுசாமி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பிரவீனா மடியிலிருந்த முந்தானையைக் கையில் எடுத்துக்கொண்டாள். எழுந்து, தானும் கைகுவித்து அம்மாவைக் கும்பிட்டாள். "சாப்புடறனுங்க" என்றாள்.

பந்தியில் தனியாக உட்கார்ந்தாள். இலையில் முதலில் வைத்தது கச்சாயம். எண்ணெய் மினுமினுக்க, அம்மா கைப்பக்குவத்தில், ஓரம் சிவந்து நடுவில் உப்பியது. இரண்டு கேட்டு வாங்கி, அவசரப்படாமல், கடைசித் துண்டுவரை சாப்பிட்டாள். சோறு வைக்க வந்தவர்களிடம் போதும் என்று இலையை மூடினாள். கைகழுவும் இடத்துக்குப் போகவில்லை. முந்தானையை இழுத்து, பச்சைக்கு நடுவில், எண்ணெய்க்கையை விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.